எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை: யோசிக்கிற நாளிலிருந்து இரண்டாவது வருடம் வரை, நம்ம பக்கத்து ஆட்களுக்கான முழுமையான வழிகாட்டி

சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி, இரவில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கிளினிக் போகிற நாளெல்லாம் "எடையைக் குறையுங்கோ" என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோற்றைக் குறைத்து, காலையில் நடந்து, கொஞ்சம் இறங்கி, பிறகு இறங்கினதை விடக் கூடுதலாக ஏறி, கடைசியில் ஒரு டொக்டர் "சத்திரசிகிச்சை பற்றி யோசித்தீர்களா" என்று கேட்டதும் பயந்துபோய் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன், கொழும்பில் இரைப்பை பைபாஸ் முறையில் செய்துகொண்டேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் இதை முடிவெடுக்கும்போது நம் ஊரிலிருந்து நம் மொழியில் ஒருவர் உட்கார்ந்து வடிவாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்த விஷயங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன.

முதலில் ஒன்று. ஒபரேஷன் மேசையில் நீங்கள் இருக்கப்போவது சில மணித்தியாலம். அதற்குப் பிறகு வருகிற இரண்டு வருடத்தை உங்கள் வீட்டுக் குசினியில் இருந்து, கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்து, நீங்களே நடத்தவேண்டும். அந்த இரண்டு வருடத்தை நடத்த முடியுமா என்று பார்த்துத்தான் ஒபரேஷனுக்குச் சரி சொல்லவேண்டும். மற்ற எல்லாக் கேள்வியும் அதற்குப் பிறகுதான்.

முதல் படி: எனக்கு இது தேவையா?

உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, அந்த எண்ணால் எடையைப் பிரியுங்கள். அதுதான் பி.எம்.ஐ. 1.55 மீற்றர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது 37.5 அளவில் வரும். 1991 இல் அமெரிக்காவில் வைத்த பழைய அளவுகோலில் பி.எம்.ஐ. 40 இருக்கவேண்டும், அல்லது 35 உம் அதோடு ஒரு நோயும் இருக்கவேண்டும். 2022 இல் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து அதை மாற்றின: 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் யோசிக்கலாம், 30 க்கு மேல் இருந்து சீனி வருத்தம் போன்றவை இருந்தாலும் யோசிக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5 இலிருந்தே பேசலாம் என்று. நமக்கு ஏன் குறைந்த எண் என்றால், நம் உடம்பில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது, வெள்ளைக்காரரை விடக் குறைந்த எடையிலேயே சீனியும் ஈரல் கொழுப்பும் வந்துவிடுகின்றன.

ஆனால் எண் மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம். 28 இருக்கிற எல்லாரும் ஓடிப்போய்ச் செய்யவேண்டிய விஷயம் இல்லை இது. என் கருத்தில், உணவு, நடை, மருந்து என்று உண்மையாகவே முயற்சி செய்து பார்த்த பிறகும் எடையால் வந்த நோய் கட்டுப்படவில்லை என்றால்தான் இது கையில் எடுக்கவேண்டிய வழி. வாராந்தம் போடுகிற செமகுளூட்டைட் போன்ற ஊசிகள் பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள். அவை பலருக்கு வேலை செய்கின்றன, ஆனால் விலை கூட, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். எடை கூடினவர் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவர் என்று நம் சனம் லேசாகச் சொல்லிவிடும். எடை குறையத் தொடங்கினால் உடம்பு அதை எதிர்த்துப் போராடும், பசி ஹோர்மோனைக் கூட்டும், எரிக்கிற சக்தியைக் குறைக்கும். இது மருத்துவம் வடிவாக ஆராய்ந்து கண்ட விஷயம். இந்தச் சத்திரசிகிச்சை வேலை செய்வதற்கு முக்கிய காரணமே, இரைப்பையைச் சின்னதாக்குவதோடு அந்தப் பசி ஹோர்மோன்களையும் அது மாற்றிவிடுவதுதான். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு டொக்டர் முன்னால் உட்காரவேண்டாம்.

இரண்டாம் படி: என்ன செய்கிறார்கள் என்று விளங்கிக்கொள்வது

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு, அது அழகுக்குச் செய்வது, சீனிக்கோ பிரஷருக்கோ உதவாது. நாம் பேசுவது இரைப்பையிலும் குடலிலும் செய்கிற வேலை. வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டு, கமரா விட்டுச் செய்கிறார்கள்.

ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் நாலில் மூன்று பங்குக்கும் கூடுதலாக வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு நீளமான குழாயை விடுகிறார்கள். வெட்டி எடுத்தது எடுத்ததுதான், திருப்பி வைக்க முடியாது. கிரெலின் என்ற பசி ஹோர்மோனைச் சுரக்கிற பகுதி அதோடு போய்விடுவதால் பசி நன்றாகக் குறையும். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மி.லீ. அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து நேரே அதில் பொருத்துகிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தாண்டிப் போகும். ஒரே பொருத்தோடு செய்கிற மினி பைபாஸும் இருக்கிறது. இரைப்பையில் பட்டி கட்டுகிற முறையை இப்போது அநேகமாக யாரும் செய்வதில்லை. பலூன் வைப்பது சத்திரசிகிச்சை இல்லை, வழமையாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு எடை திரும்புவது சாதாரணம்.

எது உங்களுக்கு? ஏற்கனவே நெஞ்செரிவு, புளித்தேப்பம் அதிகம் இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கலாம், அவர்களுக்குப் பைபாஸ் பொருந்தும். எனக்கு அதனால்தான் பைபாஸ் செய்தார்கள். சீனி வருத்தம் கடுமையாக இருந்தாலும் பைபாஸ் பக்கம் சாய்வார்கள். ஸ்லீவ் நேரம் குறைவு, குடலில் கை வைப்பதில்லை, விற்றமின் குறைபாடும் ஓரளவு குறைவு. முதல் ஓரிரண்டு வருடத்தில் ஸ்லீவில் மொத்த எடையில் நாலில் ஒரு பங்கும் பைபாஸில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும் இறங்குவதைத்தான் எதிர்பார்க்கலாம். 100 கிலோ இருந்தவர் 50 கிலோ ஆவார் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சீனி வருத்தம் பற்றியும் உள்ளபடி சொல்லவேண்டும். 1987 இல் சுவீடனில் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில், சீனி வருத்தத்தோடு சத்திரசிகிச்சை செய்தவர்களில் 72 சதவீதமானவர்களுக்கு இரண்டு வருடத்தில் அது அடங்கியிருந்தது, பத்து வருடத்தில் அந்த எண் 36 சதவீதம் ஆனது. அந்தக் காலத்து முறைகள் வேறு என்றாலும் பாடம் ஒன்றுதான்: சீனி அடங்கலாம், திரும்பியும் வரலாம். நோய் வந்து கொஞ்சக் காலமே ஆனவர்களுக்கும் இன்சுலின் தொடங்காதவர்களுக்கும் வாய்ப்புக் கூட. பத்து வருடம் திரும்பி வராமல் இருந்தாலும் அந்தப் பத்து வருடம் சிறுநீரகமும் கண்ணும் காலும் காப்பாற்றப்பட்ட காலம்தானே.

ஆபத்து? நல்ல அனுபவமுள்ள இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில், பித்தப்பை ஒபரேஷனுக்கு அண்மித்தது. தைத்த இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போவது, இவைதான் முதல் கிழமைகளில் பயப்படவேண்டியவை. பிந்திய காலத்தில் பித்தக்கல், விற்றமின் குறைபாடு, பைபாஸ் செய்தவர்களுக்குப் பொருத்திய இடத்தில் புண், குடல் உள்ளே சிக்குவது ஆகியவை வரலாம்.

மூன்றாம் படி: எங்கே, யாரிடம், தூரத்தை என்ன செய்வது

தொடங்கவேண்டிய இடம் நீங்கள் ஏற்கனவே போகிற கிளினிக்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, எதுவாக இருந்தாலும் உங்கள் மருத்துவ நிபுணரிடம் நேரே கேட்டு, ஒரு கடிதம் வாங்குங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இது செய்யப்பட்டிருக்கிறது, அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை, ஆனால் காத்திருக்கவேண்டும். தனியார் வைத்தியசாலையில் சீக்கிரம் நடக்கும், செலவு பெரிது. செலவைக் கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேளுங்கள்: இரைப்பையை வெட்டித் தைக்கிற ஸ்டேப்ளர், மயக்க மருந்து வைத்தியர், அறை, கசிவு ஏதாவது வந்து திரும்ப உள்ளே போகவேண்டி வந்தால் அதற்கு எவ்வளவு, எல்லாம் சேர்த்து. சிலர் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார்கள். போவதில் தப்பில்லை, ஆனால் திரும்பி வந்த பிறகு ஒரு பிரச்சினை என்றால் இங்கே எந்த டொக்டர் பார்ப்பார் என்பதை ஏறமுன் பேசி முடியுங்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்கக் கூச்சப்படவேண்டாம். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? எனக்கு ஏன் இந்த முறை? கசிவு வந்தால் என்ன செய்வீர்கள்? உணவு ஆலோசகர் இருக்கிறாரா? நான் மட்டக்களப்பில் இருந்து இரவு பத்து மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் நான் செய்யமாட்டேன்.

திகதி எடுக்கும்போது நம் காலநிலையையும் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் வந்து பாதை அடைபட்டால் கிளினிக் திகதியும் போய்விடும், அவசரத்துக்குக் கொழும்புக்கும் போக முடியாது. சித்திரை தொடக்கம் ஆவணி வரையான வெயிலில் செய்தால் தண்ணீர் போதாமல் களைத்துப்போகிற ஆபத்து இருக்கிறது, ஆனால் அதைக் கவனித்துச் சமாளிக்கலாம், வெள்ளத்தைச் சமாளிக்க முடியாது.

நான்காம் படி: தயாராவது

எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், ஈசீஜி, இதய எக்கோ, ஏ1சி (கடந்த மூன்று மாதச் சீனி அளவைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை), தைரொயிட், ஈரல், சிறுநீரகம், இரும்பு, பி12, விற்றமின் டி, இவ்வளவும் பார்ப்பார்கள். எண்டோஸ்கோப்பியில் எச் பைலோரி கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. குறட்டை உள்ளவர்கள் தூக்கப் பரிசோதனையை எப்படியாவது செய்யுங்கள், மயக்க மருந்து கொடுக்கும்போது அது உயிர்ப் பிரச்சினை. மனநல ஆலோசகரிடமும் அனுப்பலாம், அதைப் பைத்தியப் பரிசோதனை என்று நினைத்துத் தட்டிக்கழிக்கவேண்டாம். மனம் நொந்தால் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் அது இரைப்பை சின்னதான பிறகும் இருக்கும், முதலே பேசுவதுதான் நல்லது.

சிகரெட், சுருட்டு, அதோடு வெற்றிலையில் வைக்கிற புகையிலை, இவற்றைக் குறைந்தது ஆறு கிழமைக்கு முன்னாலேயே விடவேண்டும். புகையிலையை மெல்லுவது புகைப்பது இல்லையே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் நிக்கொட்டின் எந்த வழியில் போனாலும் காயம் ஆறுவதைக் கெடுக்கும், பைபாஸ் பொருத்தில் புண்ணை உண்டாக்கும். ஒபரேஷனுக்குப் பிறகும் திரும்பத் தொடக்கூடாது.

கடைசி இரண்டு கிழமை மாவும் சீனியும் கொழுப்பும் மிகக் குறைந்த உணவு தருவார்கள். அது ஈரலைச் சுருக்குவதற்காக. கொழுப்பேறிய ஈரல் இரைப்பைக்கு மேலே கிடப்பதால் அது பெரிதாக இருந்தால் கமராவால் வேலை செய்ய முடியாது. அந்த நாட்களில் சீனிக் குளிசையும் இன்சுலினும் பழைய அளவில் எடுத்தால் சீனி இறங்கிவிடும், ஆகவே புது அளவை எழுதி வாங்குங்கள். எம்பாகுளிஃப்ளோசின், டப்பாகுளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று கட்டாயம் கேளுங்கள்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. மிக்சி வேலை செய்யவேண்டும். சின்னத் தேக்கரண்டி, சின்னக் கோப்பை வேண்டும். நாடித்துடிப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். முக்கியமாகச் சமைக்கிறவரோடு கதையுங்கள்.

ஐந்தாம் படி: ஆஸ்பத்திரி நாட்களும் ஊர் திரும்புவதும்

அன்றைக்கு மாலையே எழுப்பி நடக்கவிடுவார்கள். வலிக்கும், நடக்கத்தான் வேண்டும், காலில் இரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் முதல் மருந்து. தோளில் ஒரு வலி வரும், வயிற்றுக்குள் விட்ட வாயுவால் வருவது, சில நாளில் போய்விடும். இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடுவார்கள், சிலருக்கு வீட்டிலும் தொடரச் சொல்வார்கள். அப்படியென்றால் போடுவது எப்படி என்று வாட்டிலேயே தாதியிடம் பழகிக்கொள்ளுங்கள்.

வழமையாக இரண்டு மூன்று நாளில் விடுவார்கள். ஆனால் உடனே மட்டக்களப்புக்குப் புறப்படாதீர்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீடோ வாடகை அறையோ பார்த்து, முதலாவது கிளினிக் முடியும் வரை கொழும்பில் இருங்கள். கசிவு பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள்தான் தலைகாட்டும், அந்த நேரம் பொலன்னறுவைக் காட்டுப் பாதையில் பஸ்ஸுக்குள் இருக்கக்கூடாது. திரும்பும்போது என் தெரிவு ரயில். உதயதேவியில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, காலை நீட்டலாம். வானில் வந்தால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடந்து, வழி முழுக்க ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் குடிக்கவேண்டும்.

கையில் டயக்னோசிஸ் காட் இருக்கவேண்டும். அதில் என்ன முறை, எந்தத் திகதி, நிபுணரின் தொலைபேசி எண் எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று வாட்டை விட்டு வெளியே வரமுன் வாசித்துப் பாருங்கள். ஃபோனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

இதைப் பற்றித்தான் நிறையக் கதைக்கவேண்டும், ஏனென்றால் கொழும்பில் தருகிற உணவுப் பட்டியலில் நம் வீட்டுச் சாப்பாட்டைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும். உங்கள் டொக்டர் சொல்கிற நாள் கணக்கு கொஞ்சம் மாறலாம், அவர் சொல்வதே இறுதி.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் மட்டும். தண்ணீர், சீனி போடாத கொத்தமல்லித் தண்ணி, வடித்த கோழி சூப். பாணி மருந்துப் போத்தலோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் கோப்பை இருக்கிறதே, 30 மி.லீ. கொள்ளும், அதில் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு கால் மணித்தியாலமாகக் குடிப்பேன். ஒரு மிடறு வைத்தால் அது தொண்டையிலிருந்து இறங்கி நெஞ்சுக் குழியில் நின்று, பிறகு போவது தெரியும். போன பிறகுதான் அடுத்த மிடறு. அவசரப்பட்டால் நெஞ்சு இறுகும், வாயில் எச்சில் நுரைத்து வரும். இப்படிக் குடித்தே ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றரை எட்டவேண்டும், நம் வெயிலுக்கு அதற்கும் கொஞ்சம் கூட. நாள் முழுக்க அதுதான் வேலை, வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு இரண்டு கிழமை முடியும் வரை கெட்டியான நீராகாரம்: கொழுப்பு எடுத்த பால், மிக்சியில் அடித்து வடித்த பருப்புத் தண்ணி, தயிரை நன்றாகக் கரைத்த மோர், புரத மா. மட்டக்களப்புத் தயிர் நமக்கு ஒரு வரம், பாணி ஊற்றாமல் சாப்பிட்டால். மூன்றாம் நான்காம் கிழமை மசித்த உணவு: கடைந்த பருப்பு, மிருதுவாக அவித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன். பாரை போன்ற சதைப்பிடிப்பான மீனை எடுங்கள். சூடை, கீரி எல்லாம் முள் ஆபத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் ஆறாம் கிழமை மென்மையான உணவு. அதன் பிறகு ஒவ்வொன்றாக வழமைச் சாப்பாடு.

புரதம் ஒரு நாளைக்கு 60 இலிருந்து 80 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சமைத்த மீனில் 20 கிராம் அளவில், அவித்த பருப்பு அரைக் கோப்பையில் 9 கிராம் அளவில். கூட்டிப் பாருங்கள், தேக்கரண்டிக் கணக்கில் சாப்பிடுகிற வயிற்றுக்கு இது லேசு இல்லை. அதனால் கோப்பையில் முதலில் மீன், முட்டை, பருப்பு. பிறகு மரக்கறி. இடம் மிஞ்சினால் மட்டும் சோறு. சோறு பிசைந்து கறியைத் தொட்டுக்கொள்கிற நம் வழக்கத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பவேண்டும், கறியைச் சாப்பிட்டுச் சோற்றைத் தொட்டுக்கொள்ளவேண்டும்.

எது அடைக்கும்? பிட்டு. நான் மிகவும் ஆசைப்பட்டதும் அதுதான், ஆனால் அது காய்ந்து உருண்டு அந்தச் சின்ன வாசலில் நின்றுவிடும். பாண், ரொட்டி, குழைந்த சோறு எல்லாம் பசை போல ஒட்டும். மாட்டிறைச்சி நார்நாராக நிற்கும், அதைக் கடைசியாகத் தொடங்குங்கள். இடியப்பம் ஒன்றை மீன் சொதியில் ஊறவிட்டுச் சாப்பிட்டால் பலருக்கு ஒத்துவரும். சொதி விஷயத்திலும் ஒரு கவனம்: தேங்காய்ப் பால் தடையில்லாமல் வழுக்கிப் போகும், வயிறு நிரம்பாது, கலோரி மட்டும் சேரும். முதல் பாலைச் சேர்க்காமல் மூன்றாம் பாலில் வையுங்கள். உறைப்பை முதல் இரண்டு மூன்று மாதம் நன்றாகக் குறையுங்கள்.

வாயில் ஒரு பிடி வைத்தால் இருபது முப்பது தரம் மெல்லுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான். சோடா வகைகளை விட்டுவிடுங்கள். சீனி போட்ட தேத்தண்ணி, வட்டிலப்பம், பாணி, சர்க்கரைப் பொங்கல், இவை பைபாஸ் செய்தவர்களுக்கு வேகமாகக் குடலுக்குள் பாய்ந்து தண்ணீரை இழுக்கும். பத்து நிமிடம், அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றைப் பிசையும், வயிற்றோட்டம் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துச் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். மதுவும் அப்படித்தான், ஏறும் வேகமே வேறு. தவிர்ப்பதுதான் சரி.

ஏழாம் படி: எப்போது ஓடவேண்டும்

ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120 க்கு மேல் நிற்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகிற வயிற்று வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, கறுப்பாக மலம் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டயக்னோசிஸ் காட்டைக் காட்டி, கொழும்பு நிபுணருக்கும் அழைப்பெடுங்கள்.

அங்கே இரண்டு விஷயத்தை நீங்களோ கூட இருப்பவரோ வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒன்று, இரைப்பையில் ஒபரேஷன் செய்திருக்கிறது, மூக்கு வழியாகக் குழாய் விடமுன் நிபுணரோடு கதையுங்கள் என்று. இரண்டு, பல நாள் வாந்தி என்றால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றமுன் தயமின் (விற்றமின் பி1) கொடுக்க முடியுமா என்று. தயமின் குறைந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையைத் தாக்கி, கண் இரட்டையாகத் தெரிந்து, தள்ளாடி, நினைவு கெட்டுப்போகலாம். இதைக் கேட்பது டொக்டருக்குப் பாடம் நடத்துவது ஆகாது, உங்கள் உடம்பைப் பற்றிய தகவல் கொடுப்பதுதான்.

எட்டாம் படி: குளிசையும் இரத்தப் பரிசோதனையும்

மல்ரிவிற்றமின் (பல விற்றமின் சேர்ந்த குளிசை), கல்சியம், விற்றமின் டி, இரும்பு, பி12. ஆயுள் முழுக்க. இரண்டாவது வருடத்தில்தான் பலர் இதை விடுகிறார்கள், எடையும் இறங்கிவிட்டது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்று. உடம்பில் சேமிப்பில் இருந்த பி12 தீர்ந்து, கால் விறைத்து, இரத்தம் குறைவது அதற்குப் பிறகுதான் தெரியவரும். கல்சியம் சிட்ரேட் (citrate) வகையாக இருந்தால் நல்லது, ஒரே நேரத்தில் எடுக்காமல் பிரித்து எடுக்கவேண்டும், இரும்புக்கும் கல்சியத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடவேண்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு, அது இரும்பைச் சேரவிடாது. பி12 ஐ ஊசியாகப் போட்டால் மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை போதும், நினைவு வைத்துக்கொள்ள அதுவே லேசு. சில கப்ஸ்யூல் உறைகள் விலங்கு ஜெலட்டினில் செய்தவை, முஸ்லிம் சகோதரர்களும் சைவக்காரரும் பாமசியில் கேட்டு வில்லை வகையை வாங்கலாம்.

பித்தக்கல்லைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு குளிசை தரலாம். இரைப்பை அமிலத்துக்கும் சில மாதம் மருந்து தருவார்கள். சீனி, பிரஷர் மருந்துகளை வேகமாகக் குறைக்கவேண்டி வரும், தினமும் வீட்டில் அளந்து எழுதி, கிளினிக்கில் காட்டுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், பழைய அளவிலேயே தொடர்ந்து மயங்கி விழவும் வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. இதற்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, இங்கே செய்து முடிவை அனுப்பலாம்.

வீடு, வேலை, சனம்

ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது: காஸ் சிலிண்டர், கிணற்று வாளி, அரிசி மூட்டை, பிள்ளை எல்லாம் இதற்குள் அடக்கம். மேசை வேலை என்றால் இரண்டு மூன்று கிழமையில் போகலாம். வயல், மீன்பிடி என்றால் ஒன்றரை இரண்டு மாதம் பார்க்கவேண்டும். நடப்பதை மட்டும் முதல் நாளிலிருந்து விடாதீர்கள், வெயில் ஏறமுன் வாவிக்கரையில் அல்லது வீட்டு முற்றத்தில். இரண்டாம் மாதத்துக்குப் பிறகு தசைக்குப் பயிற்சி, இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். சீப்பு நிறைய வரும், பயமாக இருக்கும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதத்தில் நின்று, திரும்ப முளைக்கும். தோல் தொங்கும், அதைப் பயிற்சியால் முழுதாக மாற்ற முடியாது.

சனம் கதைக்கும். "என்ன இப்படி வற்றிப் போனாய்", "ஏதும் பெரிய வருத்தமா" என்று கோயில் சடங்கிலும் கல்யாண வீட்டிலும் கேட்பார்கள். எல்லாருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். என் அம்மா ஒவ்வொரு பகலும் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இந்தளவு சாப்பிட்டு எப்படி மகள் உயிரோட இருப்பாய்" என்று கண் கலங்குவா. அவவை ஒருமுறை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் எதிரில் உட்காரவைத்து, ஏ1சி அறிக்கையைக் காட்டி விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு எனக்கு மீன் முள் எடுத்துத் தருவது அம்மாவின் வேலையாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் சமைக்கிறவரை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

விரதம், நோன்பு விஷயத்தில் முதல் வருடம் டொக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கவேண்டாம். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு மாலையில் ஒரேயடியாகக் குடிக்க இந்த வயிற்றால் முடியாது, ரமழானாக இருந்தாலும் கந்தசஷ்டியாக இருந்தாலும் அதுதான் நிலை. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, மௌலவியிடம் கேட்டால் சொல்வார். ஐயரிடம் கேட்டாலும் அதையே சொல்வார்.

பெண்களுக்கு: எடை இறங்க இறங்கக் குழம்பியிருந்த மாதவிடாய் சரியாகும், கருத்தரிக்கும் வாய்ப்பும் திடீரென்று கூடும். ஆனால் 12 இலிருந்து 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போடவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சத்துப் போதாது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசையை முழுதாக நம்ப முடியாது, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வேறு முறை கேளுங்கள். கர்ப்பமானால் முதல் நாளே இந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள், கர்ப்பிணிகளுக்குச் செய்கிற குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற பரிசோதனை உங்களுக்கு ஒத்துவராது, வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் எடை ஏறுவது பலருக்கும் நடப்பது. மூன்று நாலு கிலோ என்றால் பதறவேண்டாம். அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் மறைக்காமல் கிளினிக்குக் கொண்டு போங்கள், ரோல்ஸ், பிஸ்கட், பால் தேத்தண்ணி என்று நாள் முழுக்கக் கொறிக்கிறோமா என்று ஒரு கிழமை எழுதிப் பாருங்கள், மருந்து உதவியும் இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்: எந்தச் சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மருந்துகள் கொடுக்கக்கூடாது, பனடோல் கொடுக்கலாம். மூட்டு வலிக்கோ பல் வலிக்கோ எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுப் பிறகு வலியைச் சொல்லுங்கள்.